நின்றுபோன பிரிண்ட் பேப்பருக்கு மாற்று: இருட்டறைக்கு 32 குறிப்புகள்

பரணிலிருந்து என்லார்ஜரை இறக்கித் துடைத்தாயிற்று. தாத்தா காலத்து நெகடிவ்கள் பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன. டிரே மூன்று, சிவப்பு பல்பு ஒன்று, பாத்ரூம் சன்னலை மூடக் கறுப்புத் துணி என்று எல்லாம் தயார். கடைக்குப் போய், “ப்ரோமைடு பேப்பர் இருக்கா?” என்று கேட்டால்தான் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார்.

அவர் மேல் தப்பில்லை. ஊட்டியில் 1960-ல் தொடங்கி, 1967-லிருந்து ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிமும் பேப்பரும் தந்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் மூடப்பட்டுவிட்டது. கோடாக் கறுப்பு வெள்ளை பேப்பர் தயாரிப்பை விடுவதாக 2005-ல் அறிவித்தது. அதே வருஷம் ஜெர்மனியின் அக்ஃபா போட்டோ திவாலானது. ஹங்கேரியின் ஃபோர்ட்டே ஆலை 2007-ல் கதவடைத்தது. இன்று தேடினால் பெரும்பாலும் இரண்டு ஊர்ச் சரக்குதான் கைக்கு எட்டும். ஒன்று, இங்கிலாந்தின் மோபர்லியில் ஹார்மன் நிறுவனம் தயாரிக்கும் இல்ஃபோர்டு. இன்னொன்று, செக் நாட்டில் 1921 முதல் இயங்கும் ஃபோமா.

பழகிய பேப்பர் இனி வராது. ஆனால் அதில் உங்களுக்குப் பிடித்தது எதுவோ, அதை வரவழைக்க முடியும். பாதி புதுப் பேப்பரிலிருந்து வரும். மீதி டெவலப்பர் டிரேயிலிருந்தும் உங்கள் கையிலிருந்தும் வரும். அதற்கான குறிப்புகள் இதோ.

வாங்கப் போகும் முன்

1. பழைய பிரிண்ட்டில் நன்றாக வந்த ஒன்றை எடுத்து, நேர் வெயில் படாத சன்னலோரம் வையுங்கள். நான்கு விஷயங்களைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளை எப்படி: பால் வெள்ளையா, சந்தன நிறமா? கறுப்பு எப்படி: நீலம் ஓடுகிறதா, பழுப்பு ஓடுகிறதா? மேல்பரப்பு வழவழப்பா, மேட்டா? தாள் தடிமனா, மெல்லிசா? இந்தச் சீட்டுதான் கடைக்குக் கொண்டுபோக வேண்டிய சாமான் பட்டியல்.

2. பழைய பிரிண்ட்டின் மஞ்சளைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது பேப்பரின் நிறமாகவும் இருக்கலாம், வயதின் நிறமாகவும் இருக்கலாம். ஃபிரேம் விளிம்பு மறைத்திருந்த ஓரத்தையும், ஆல்பத்தில் மூலை ஒட்டு இருந்த இடத்தையும் பாருங்கள். அங்கே வெள்ளையாக இருந்தால் உங்களுடையது வெள்ளைப் பேப்பர்தான். க்ரீம் பேப்பர் தேடிக் காசைச் செலவழிக்க வேண்டாம்.

3. பழையது ஃபைபர் பேப்பரா, ஆர்.சி. பேப்பரா என்று தெரியவில்லையா? வேண்டாத பிரிண்ட் ஒன்றின் முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஊறினால் ஃபைபர். தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நின்றால் ஆர்.சி.; இதில் காகிதத்தின் இரு பக்கமும் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். முன்னதற்கு மாற்றாகப் பின்னதை வாங்கினால் படம் வரும். கையில் எடுத்தால் பழைய கனம் இருக்காது.

4. பழைய பெட்டியில் ‘சாஃப்ட், நார்மல், ஹார்டு’ என்றோ 1, 2, 3, 4 என்றோ போட்டிருக்கும். மங்கல் நெகடிவுக்கு ஹார்டு, முரட்டு நெகடிவுக்கு சாஃப்ட் என்று நாலு பெட்டி வைத்திருந்த காலம் அது. இப்போது மல்டிகிரேடு பேப்பர் ஒரு பெட்டி போதும். மஞ்சள் ஃபில்டர் போட்டால் சாஃப்ட், மெஜந்தா ஃபில்டர் போட்டால் ஹார்டு. பேப்பர் விலை கூடுதலாகத் தெரிந்தாலும், மூன்று பெட்டிக் காசு மிச்சம்.

5. இல்ஃபோர்டு ஃபில்டர் செட்டில் 00 முதல் 5 வரை அரையரை எண்ணாக 12 துண்டுகள் இருக்கும். கலர் என்லார்ஜர் வைத்திருப்பவர்களுக்கு இது தேவையில்லை. தலையில் உள்ள மஞ்சள், மெஜந்தா குமிழ்களைத் திருப்பினாலே போதும். பழைய ஸ்டூடியோ என்லார்ஜரில் பல்புக்குக் கீழே ஃபில்டர் தட்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் லென்சுக்குக் கீழே மாட்டும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

6. எந்த நிறத்துக்கு எந்தப் பேப்பர்? சீட்டில் ‘நடுத்தரக் கறுப்பு, வெள்ளைத் தாள், ஃபைபர்’ என்று எழுதியிருந்தால் இல்ஃபோர்டு மல்டிகிரேடு எஃப்.பி. கிளாசிக் அல்லது ஃபோமாப்ரோம் வேரியன்ட். நீலம் ஓடும் குளிர்ந்த கறுப்பு வேண்டுமென்றால் மல்டிகிரேடு எஃப்.பி. கூல்டோன். பழுப்பு ஓடும் இதமான கறுப்புக்கு மல்டிகிரேடு எஃப்.பி. வார்ம்டோன் அல்லது ஃபோமாடோன். ஆர்.சி.யே போதும் என்பவர்களுக்கு மல்டிகிரேடு ஆர்.சி. டீலக்ஸ், ஃபோமாஸ்பீடு வேரியன்ட். அக்ஃபாவின் மல்டிகான்ட்ராஸ்ட் கிளாசிக்கில் கை பழகியவர்கள், அதன் வழிவந்த அடாக்ஸ் எம்.சி.சி. 110 இருப்பில் உள்ளதா என்று விசாரியுங்கள்.

7. பெட்டி மேல் உள்ள எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஃபோமாவில் மூன்று இலக்க எண்: முதல் இலக்கம் 1 என்றால் ஃபைபர், 3 என்றால் ஆர்.சி.; கடைசி இலக்கம் 1 என்றால் கிளாசி, 2 என்றால் மேட். ஆக, 111 என்பது ஃபைபர் கிளாசி, 312 என்பது ஆர்.சி. மேட். இல்ஃபோர்டில் 1 கிளாசி, 44 பேர்ல், 25 சாட்டின், 5 மேட்.

8. என்லார்ஜர் இல்லாமல், பெரிய கண்ணாடி நெகடிவைத் தாளோடு ஒட்டவைத்து கான்டாக்ட் பிரிண்ட் போடுபவர்களுக்குத் தனிப் பேப்பர் உண்டு. கோடாக்கின் ஏஸோ அந்த வகை. குளோரைடு பூச்சு, மிக மந்தமான வேகம். இன்று அதன் இடத்தில் அடாக்ஸ் லூபெக்ஸ் இருக்கிறது. இதை என்லார்ஜரில் போட்டு, பேப்பர் கெட்டுப்போச்சு என்று புலம்ப வேண்டாம். அந்த மங்கல் வெளிச்சத்துக்கு அது எழுந்திருக்காது.

9. அச்சு அசலாக அதே நிறம் என்று அலையாதீர்கள். அக்ஃபாவின் ரெக்கார்ட் ராபிட், போர்ட்ரிகா போன்ற பழைய இதமான பேப்பர்களின் அழகில் காட்மியம் உப்புக்கும் பங்கு உண்டு. காட்மியம் நஞ்சு என்பதால் அதைக் கைவிட்டார்கள். அதே பெயரில் வந்த பின்னாள் பேப்பர்கூட முன்னதைப் போல இல்லை என்று அந்தக் காலத்திலேயே குறைப்பட்டவர்கள் உண்டு. பக்கத்தில் வந்தால் போதும்; மிச்சத்தை 21-ம் குறிப்பிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

10. அளவைக் கவனியுங்கள். நம் ஊர் ஃபிரேம் கடையில் 10×12, 12×15 அங்குலம் சகஜம். வெளிநாட்டுப் பேப்பரோ 9½×12, 12×16 என்று வரும். 12×16 தாளில் ஓர் அங்குலத்தை வெட்டினால் 12×15 ஃபிரேமுக்குச் சரி; வெட்டிய பட்டை டெஸ்ட் ஸ்ட்ரிப் ஆகிவிடும். 9½×12 தாள் 10×12 ஃபிரேமில் அரை அங்குலம் இளைத்து நிற்கும். மவுன்ட் போர்டு வைத்து மாட்டுவதே வழி.

11. எடுத்த எடுப்பில் 100 தாள் பெட்டி வாங்க வேண்டாம். இரண்டு வகைப் பேப்பரில், ஒரே அளவில், ஒரே பரப்பில், இருப்பதிலேயே சின்ன பாக்கெட்டாக ஒவ்வொன்று வாங்குங்கள். ஒன்று கிளாசியும் மற்றது மேட்டுமாக இருந்தால் ஒப்பிடவே முடியாது. பளபளப்பு எப்போதும் கண்ணை ஏமாற்றி ஜெயித்துவிடும்.

12. கூரியரில் வரவழைத்தால், ‘போட்டோ பேப்பர், வெளிச்சத்தில் பிரிக்கக் கூடாது’ என்று வெளிப்பெட்டியில் பெரிதாக எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள். ஆசையாகப் பிரித்துப் பார்க்கும் குழந்தை ஒன்று போதும், மொத்தப் பெட்டியும் வீண்.

13. ‘பழைய ஸ்டாக், பாதி விலை’ என்று யாராவது பழைய பெட்டியை நீட்டினால் சோதித்து வாங்குங்கள். இருட்டில் ஒரு தாளை இரண்டு பட்டையாகக் கிழியுங்கள். ஒன்றை நேராக ஹைப்போவில் போடுங்கள். இன்னொன்றை டெவலப்பரில் 2 நிமிஷம் வைத்து, பிறகு ஹைப்போவில் போடுங்கள். வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் பாருங்கள். இரண்டும் ஒரே வெள்ளை என்றால் பேப்பர் நல்லது. இரண்டாவது சாம்பல் பூத்திருந்தால் அது புகைந்த பேப்பர். லேசான சாம்பல் என்றால் டெவலப்பரில் பென்ஸோட்ரையசோல் சிறிது சேர்த்துச் சமாளிக்கலாம்; வேகம் குறையும். அதிகம் என்றால் கும்பிடு போட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

இருட்டறையில் முதல் நாள்

14. சேஃப் லைட்டை மாற்றாமல் பேப்பரை மட்டும் மாற்றுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. பழைய ப்ரோமைடு பேப்பருக்கு நீல ஒளி மட்டும்தான் கண்ணில் படும். மஞ்சள்-பச்சை விளக்கிலும் பயமின்றி வேலை செய்யலாம். மல்டிகிரேடுக்குப் பச்சையும் தெரியும். அந்தப் பழைய விளக்கின் கீழ் வைத்தால் வெள்ளையெல்லாம் அழுக்காகிவிடும். அடர்ந்த அம்பர் அல்லது சிவப்பு விளக்குக்கு மாறுங்கள்.

15. விளக்கு உண்மையிலேயே பாதுகாப்பா என்று நாணயம் வைத்துப் பார்க்கலாம். ஒரு தாளுக்கு என்லார்ஜரில், டெவலப் செய்தால் வெளிர் சாம்பலாக வரும் அளவுக்கு மட்டும் ஒளி கொடுங்கள். பிறகு அதைச் சேஃப் லைட்டின் கீழ் வைத்து ஒரு நாணயம் வையுங்கள். 2 நிமிஷத்துக்கு ஒன்றாக இன்னும் மூன்று. கடைசி நாணயம் வைத்து 2 நிமிஷம் கழித்து விளக்கை அணைத்துவிட்டு டெவலப் செய்யுங்கள். நாணயத்தின் தடம் எதுவும் தெரியாவிட்டால் 8 நிமிஷம் நிம்மதி. கடைசி நாணயத்தின் தடமே தெரிந்தால் அந்த விளக்கு 2 நிமிஷத்துக்குக்கூட ஆகாது. வெற்றுத் தாளில் நாணயம் வைத்துப் பார்ப்பது போதாது. லேசாக ஒளி பட்ட தாளில்தான் குற்றம் வெளிப்படும்.

16. என்லார்ஜரில் பழைய பால் பல்பு ஃப்யூஸ் ஆனதும் எல்.இ.டி. பல்பைத் திருகிவிடுகிறோம். மல்டிகிரேடு பேப்பரும் ஃபில்டரும் பழைய பல்பின் ஒளியைக் கணக்கில் வைத்துச் செய்தவை. எல்.இ.டி.யில் நீலம், பச்சை விகிதமே வேறு; 2-ம் எண் ஃபில்டர் 2 போல நடக்காது. பேப்பரைச் சோதிக்கும்போது பல்பையும் சேர்த்து மாற்றாதீர்கள். குற்றவாளி யாரென்று கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

17. டெவலப்பருக்கு 20 டிகிரி செல்சியஸ் என்று எழுதியிருப்பார்கள். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் சித்திரை மாதத்தில் 30-ஐத் தாண்டும். ஐஸ் கட்டிகளை நேராக டிரேயில் போட்டால் கரைசல் நீர்த்துவிடும். பிளாஸ்டிக் பையில் கட்டி மிதக்கவிடுங்கள்; அல்லது பெரிய தாம்பாளத்தில் ஐஸ் தண்ணீர் ஊற்றி அதற்குள் டிரேயை வையுங்கள். இரண்டு பேப்பரையும் ஒப்பிடும் நாளில் சூடு ஒரே அளவில் இருப்பது முக்கியம்.

18. சோதனைக்கு அழகான நெகடிவ் வேண்டாம். உங்களுக்கு மனப்பாடமான நெகடிவ் வேண்டும். வெள்ளை வேட்டியின் மடிப்பு, எண்ணெய் தடவிய கறுத்த முடி, நடுவில் முகத்தின் தோல் என்று மூன்றும் இருந்தால் உத்தமம். பழைய பேப்பரில் அதே நெகடிவின் நல்ல பிரிண்ட் கையில் இருந்தால் இன்னும் நல்லது. எல்லாப் பேப்பருக்கும் அந்த ஒரே நெகடிவ்தான்.

19. வெள்ளையை நேரத்தால் பிடியுங்கள், கறுப்பை கிரேடால் பிடியுங்கள். முதலில் 2-ம் ஃபில்டரில் டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டு, வேட்டி மடிப்பு சரியாகத் தெரியும் நேரத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு முடியைப் பாருங்கள். சாம்பலாக இருந்தால் ஃபில்டர் எண்ணைக் கூட்டுங்கள். மை அப்பினது போல இருந்தால் குறையுங்கள். இல்ஃபோர்டு ஃபில்டரில் 00 முதல் 3½ வரை நேரம் பெரிதாக மாறாது. 4-க்கோ அதற்கு மேலோ போனால் இரு மடங்கு நேரம் கொடுக்க வேண்டும்.

20. ஒரு கம்பெனியின் 2-ம் எண், இன்னொரு கம்பெனியின் 2-ம் எண்ணாக இருக்காது. தகவல் தாளில் ஐ.எஸ்.ஓ. எண் இரண்டு இருக்கும். ‘ஆர்’ என்பது சாயலின் விரிவு. எண் பெரிதானால் பேப்பர் சாஃப்ட். ‘பி’ என்பது வேகம். பழைய நேரத்தைப் பழைய ‘பி’யால் பெருக்கிப் புதிய ‘பி’யால் வகுத்தால் புதிய நேரம். பி 400 பேப்பரில் 12 விநாடி என்றால், பி 200 பேப்பரில் 24 விநாடி. இது தொடக்கக் கணக்குதான். முடிவைக் கண் சொல்லும். கண்டென்சர் வைத்த பழைய என்லார்ஜரில் எல்லாமே அரை கிரேடு முதல் ஒரு கிரேடு வரை முரடாக வரும். அதற்காகப் பேப்பரைத் திட்ட வேண்டாம்.

டெவலப்பர் டிரேயில் கைவைத்தியம்

21. படம் கறுக்க ஆரம்பித்ததும் வெடுக்கென்று தூக்கி ஸ்டாப் பாத்தில் போடுவது பழைய ஸ்டூடியோப் பழக்கம். புதுப் பேப்பரை எடை போடும்போது இது ஆகாது. 20 டிகிரியில் ஆர்.சி.க்கு 1 நிமிஷம், ஃபைபருக்கு 2 நிமிஷம் முழுசாகக் கொடுங்கள். அரைவேக்காட்டில் எடுத்த பிரிண்ட்டில் கறுப்பு ஒருநாளும் ஆழமாக வராது. அதிகம் கறுத்தால் அடுத்த தாளுக்கு ஒளியைக் குறையுங்கள். டெவலப்பர் நேரத்தைக் குறைக்காதீர்கள்.

22. டெவலப்பரை வீட்டிலேயே கலக்கலாம். டி-72 என்ற பழைய கோடாக் சூத்திரம் இது. 50 டிகிரி சூட்டில் அரை லிட்டர் தண்ணீரில் ஒரு சிட்டிகை சல்ஃபைட் போட்டு மெட்டால் 3 கிராம், பிறகு நீரற்ற சோடியம் சல்ஃபைட் 45 கிராம், ஹைட்ரோக்வினோன் 12 கிராம், நீரற்ற சோடியம் கார்பனேட் 67.5 கிராம், பொட்டாசியம் ப்ரோமைடு 2 கிராம். ஒவ்வொன்றும் கரைந்த பிறகே அடுத்தது. கடைசியில் 1 லிட்டர் ஆக்குங்கள். ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்துப் பயன்படுத்துங்கள். ஆப்ப சோடாவைப் போட்டுவிடாதீர்கள். அது பைகார்பனேட், வேலைக்கு ஆகாது. மெட்டால் சிலருக்குத் தோல் அரிப்பு தரும், கையுறை அவசியம். சமையலறைக் கரண்டியும் டம்ளரும் இந்தப் பக்கமே வரக் கூடாது.

23. பேப்பரின் நிறத்தை டெவலப்பரால் கொஞ்சம் நகர்த்தலாம். பொட்டாசியம் ப்ரோமைடு சற்றுக் கூட்டி, டெவலப்பரை நீர்த்து, ஒளியைக் கூடக் கொடுத்தால் பழுப்புப் பக்கம் சாயும். பென்ஸோட்ரையசோல் சேர்த்தால் நீலப் பக்கம் சாயும். இதமான பேப்பர் இதற்கு நன்றாக வளையும். நடுத்தரப் பேப்பர் கொஞ்சம்தான் அசையும். எனவே இரண்டு மனமாக இருந்தால் இதமான பேப்பரை வாங்குங்கள்.

24. ஸ்டாப் பாத் தீர்ந்துவிட்டதா? மளிகைக் கடை வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. வாசனை பிடிக்காதவர்கள் லிட்டருக்கு 15 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்துக்கொள்ளலாம். பேப்பர் எதுவானாலும் இது ஒத்துவரும்.

25. படம் நன்றாக இருக்கிறது, தாள்தான் ரொம்ப வெள்ளை என்று தோன்றினால், பால் சேர்க்காத தேயிலை டிகாஷன் கைகொடுக்கும். நன்றாக வடிகட்டி, ஆறவைத்து, கழுவி முடித்த ஃபைபர் பிரிண்ட்டைச் சில நிமிஷம் ஊறவிடுங்கள். அசைத்துக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் திட்டு விழும். பிறகு தண்ணீரில் அலசுங்கள். காய்ந்தால் நிறம் மாறித் தெரியும். அதனால் முதலில் கழித்த பிரிண்ட் ஒன்றில் ஒத்திகை பாருங்கள்.

26. டோனரில் போட்டால் எல்லாப் பேப்பரும் ஒன்றுபோல நடக்காது. செலினியத்தில் இதமான பேப்பர் செம்பழுப்புக்குத் தாவும். நடுத்தரப் பேப்பரில் கறுப்பு ஆழமாகும், நிறம் அதிகம் மாறாது. செலினியம் நஞ்சு. கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் தொடாதீர்கள். செபியாவுக்கான சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அந்தக் காற்று பக்கத்தில் இருக்கும் பிரிக்காத பேப்பரையும் புகையவைக்கும். மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள், அல்லது நாற்றமில்லாத தயோயூரியா வகையை வாங்குங்கள்.

கழுவலும் காய்ச்சலும்

27. ஃபைபர் தாள் ஹைப்போவைப் பஞ்சு போலக் குடித்து வைத்துக்கொள்ளும். வெறும் தண்ணீரில் 1 மணி நேரம் கழுவ வேண்டும். குழாயில் அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது? முதலில் 5 நிமிஷம் கழுவி, லிட்டருக்கு 20 கிராம் சோடியம் சல்ஃபைட் கரைத்த நீரில் 10 நிமிஷம் வைத்து, மறுபடி நன்றாகக் கழுவினால் நேரமும் தண்ணீரும் பெருமளவு மிச்சம். ஆர்.சி.க்கு 2 நிமிஷம் ஓடும் நீர் போதும். மணிக்கணக்கில் ஊறவைத்தால் ஓரம் வழியாக நீர் புகுந்து சுருளும். கழுவியது போதுமா என்று அறிய, வெளிர் ஊதாப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் நீரில் பிரிண்ட்டிலிருந்து சொட்டும் தண்ணீரை விடுங்கள். ஊதா மறைந்தால் ஹைப்போ இன்னும் இருக்கிறது. அதே அளவு குழாய்த் தண்ணீரை வேறொரு கிண்ணத்தில் விட்டு ஒப்பிட மறக்காதீர்கள்.

28. ஸ்டூடியோவில் இருந்து வந்த கிளேசிங் மெஷினில் ஆர்.சி. பேப்பரைத் தப்பித் தவறியும் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் பூச்சு உருகித் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். படமும் போகும், மெஷினும் போகும். அதற்குக் கிளேசிங்கே தேவையில்லை, தானே பளபளக்கும். ஃபைபர் பிரிண்ட்டைக் கொசுவலை கட்டிய சட்டத்தில் முகம் கீழாக உலர்த்துங்கள். நெளிவு வந்தால், சுத்தமான தாள்களுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகங்களை அடுக்கி இரண்டு மூன்று நாள் விடுங்கள்.

29. ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஃபைபர் பேப்பர், மேட் பேப்பர் இரண்டும் காய்ந்ததும் ஒரு சாயல் கறுக்கும். வேட்டி மடிப்பு சரியாக இருந்தது போலிருந்து, காலையில் பார்த்தால் அழுக்கு வேட்டியாக இருக்கும். டெஸ்ட் ஸ்ட்ரிப்பை ஹேர் டிரையரில் காயவைத்துப் பாருங்கள். எவ்வளவு கறுக்கிறது என்று தெரிந்துகொண்டு, ஒளியை அந்த அளவு குறையுங்கள். பத்தில் ஒரு பங்கு என்று தொடங்கலாம்.

30. பழைய ஸ்டூடியோக்களைப் போலக் கன்னத்துக்குச் சிவப்பு, பட்டுக்கு மஞ்சள் என்று கையால் கலர் போடும் எண்ணம் இருந்தால் மேட் ஃபைபரைத் தவிர வேறு நினைக்காதீர்கள். ஆர்.சி.யில் சாயம் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். தூசிப் புள்ளிகளை அடைக்கும் டச்சிங் வேலைக்கும் இதே கதைதான்.

மிச்சம் மீதி

31. பிரிக்காத பேப்பரைக் காற்றுப் புகாத பையில் கட்டி ஃபிரிட்ஜில் வைக்கலாம். எடுத்த உடனே பிரித்தால் தாளில் பனி பூக்கும். சில மணி நேரம் வெளியில் வைத்துப் பிறகு பிரியுங்கள். முடிந்த பிரிண்ட்டைப் புதிதாகப் பெயின்ட் அடித்த பீரோவிலோ புது ப்ளைவுட் அலமாரியிலோ வைக்காதீர்கள்; அதிலிருந்து வரும் ஆவி வெள்ளியைத் தின்னும். புகைந்துபோன பழைய பேப்பரையும் தூக்கி எறிய வேண்டாம். வேப்பிலை ஒன்றை அதன் மேல் வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டுங்கள்; டெவலப்பரே இல்லாமல் இலையின் உருவம் நிறத்தோடு விழும். அதைக் கழுவி ஹைப்போவில் போட்டால் நிற்கும். விடுமுறையில் குழந்தைகளுக்கு நல்ல வேலை. ஹைப்போ டிரேயை மட்டும் நீங்கள் கையாளுங்கள். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி இருக்கிறது; அதைத் தோட்டத்தில் கொட்டாமல் கேனில் சேர்த்து வையுங்கள். ஒரு காலத்தில் அதை வாங்கவே ஸ்டூடியோ வாசலுக்கு ஆள் வந்தது.

32. நன்றாக வந்த ஒவ்வொரு பிரிண்ட்டின் பின்னாலும் பேப்பரின் பெயர், பெட்டியில் உள்ள தொகுதி எண், ஃபில்டர், விநாடி, டெவலப்பர், தேதி எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். ஃபைபர் என்றால் மிருதுவான பென்சில், அழுத்தாமல்; ஆர்.சி. என்றால் சீக்கிரம் காயும் மார்க்கர். அப்பாவும் தாத்தாவும் இப்படி ஒரு வரி எழுதி வைத்திருந்தால், நாம் சன்னலோரம் உட்கார்ந்து வெள்ளையையும் கறுப்பையும் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்திருக்காது. இப்போது வாங்கும் பேப்பரும் ஒரு நாள் நிற்கத்தான் போகிறது. அன்றைக்குச் சீட்டு தயாராக இருக்கட்டும்.